வட்டச்சாலையில் நான்கு பெயர்கள்

அக்ரா நகரின் மையத்தை அணைத்தபடி ரிங் ரோடு ஓடுகிறது. மேற்கு முனையிலிருந்து கிழக்கே போனால் முதலில் ஒபெட்செபி லாம்ப்டே ரவுண்டானா வரும். அடுத்தது குவாமி நிக்ரூமா ரவுண்டானா. பிறகு அக்கோ அட்ஜெய் பெயரில் ஒரு மேம்பாலச் சந்திப்பு. ஓசு பகுதியை நெருங்கும்போது ஜே.பி. டான்குவா ரவுண்டானா, அங்கே அவருடைய சிலையும் உண்டு. 1948 கலவரத்தை ஒட்டி பிரிட்டிஷ் அரசு கைது செய்த ஆறு தலைவர்களில் நால்வர் இவர்கள். கானா விடுதலை பெற்ற பிறகு இந்த நால்வரில் ஒருவர் மற்ற மூவரையும் தடுப்புக்காவலில் வைத்தார். மூவரில் இருவர் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார்கள். மூன்றாமவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறைத்தண்டனையாகக் குறைத்தார்கள்.

சிறைவைத்தவர் நிக்ரூமா. சகாராவுக்குத் தெற்கே பிரிட்டனின் பிடியிலிருந்து முதலில் விடுபட்ட காலனியின் தலைவர். ‘ஒசாஜிஃபோ’ என்று பட்டம் சூட்டி மக்கள் கொண்டாடியவர். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் கானாக்காரர்களின் முதுகு நிமிர்கிறது.

டிரோ-டிரோ என்கிற ஷேர் வேன்களில் வாசலோரம் நின்று ஆள் பிடிக்கும் உதவியாளரை ‘மேட்’ என்கிறார்கள். அவர் ‘சர்க், சர்க், சர்க்’ என்று கூவுவார். சர்க்கிள் என்றால் நிக்ரூமா ரவுண்டானாதான். நகரத்தில் எத்தனை ரவுண்டானா இருந்தாலும் பெயர் சொல்லாமலே புரிந்துகொள்ளப்படுவது அது ஒன்றுதான். அந்த வேனில் ஏறி ரிங் ரோடு முழுவதும் போனேன். ஒரு தலைவர் இறந்த பின் அவருடைய நன்மையையும் தீமையையும் ஒரு சமூகம் எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்ற கேள்வி வெகுநாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அதற்கு அக்ராவைப் போல நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நால்வரின் கதையும் ஒரு பரிந்துரையில் தொடங்குகிறது. கோல்ட் கோஸ்ட் என்று அந்த நாடு அழைக்கப்பட்ட காலம். 1947இல் டான்குவா முதலான வழக்கறிஞர்களும் வணிகர்களும் சேர்ந்து ஒரு கட்சி தொடங்கினார்கள். முழுநேரப் பொதுச் செயலாளர் ஒருவர் வேண்டியிருந்தது. லண்டனில் இருக்கும் நிக்ரூமாவை அழைக்கலாம் என்று சொன்னவர் அக்கோ அட்ஜெய். அமெரிக்காவில் படித்த நாளிலிருந்தே அவருக்கு நிக்ரூமாவைத் தெரியும். நிக்ரூமா அந்த ஆண்டு டிசம்பரில் வந்து சேர்ந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் மூத்தவர்களின் நிதானம் பொறுக்காமல் பிரிந்து, 1949 ஜூனில் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். மார்க்கெட் பெண்கள், லாரி டிரைவர்கள், பள்ளி இறுதி வரை படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த இளைஞர்கள் எல்லோரும் அவர் பின்னால் போனார்கள்.

ஜேம்ஸ்டவுனில் கடலைப் பார்த்து நிற்கிற ஜேம்ஸ் கோட்டைக்குப் போனேன். ஒரு காலத்தில் அடிமை வணிகத்துக்கும் பிறகு சிறைக்கும் பயன்பட்ட கட்டடம். கீழே மீனவர் துறைமுகம், சற்றுத் தள்ளிக் கலங்கரை விளக்கம், காற்றில் கருவாட்டு வாசம். 1950இல் வேலைநிறுத்தப் போராட்டத்துக்காக நிக்ரூமாவை இங்கேதான் அடைத்தார்கள். உள்ளே இருந்தபடியே 1951 தேர்தலில் அக்ரா மத்தியத் தொகுதியில் நின்றார். பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு. ஆளுநர் அவரை விடுதலை செய்து அரசாங்கம் அமைக்க அழைத்தார். அவரும் கட்சித் தோழர்களும் ‘பி.ஜி.’ என்ற எழுத்துகள் தைத்த தொப்பிகளை அணிந்தார்கள். சிறையில் பட்டம் பெற்றவர் என்று அர்த்தம். 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில், பழைய போலோ மைதானத்தில் விடுதலையை அறிவித்த மேடையிலும் அந்தத் தொப்பிகள் இருந்தன. காரணமில்லாமல் சிறையிருப்பது எத்தகைய அநீதி என்று நிக்ரூமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவரைப் பற்றி எந்த நல்லது பேசத் தொடங்கினாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தப் போலோ மைதானம்தான் இப்போது அவருடைய நினைவிடம். இத்தாலியப் பளிங்கு போர்த்திய உயரமான மண்டபம். தலைகீழாக நட்ட வாளின் வடிவம் என்கிறார்கள். இருபுறமும் நீரூற்றுகள், கொம்பூதும் உருவங்கள், புல்வெளியில் மயில்கள். அவர் விடுதலையை அறிவித்த இடத்தில் வெண்கலச் சிலை, கை நீட்டி முன்னே அடியெடுத்து வைக்கும் தோற்றத்தில். பின்புறம் இன்னொரு சிலை இருக்கிறது. 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கூட்டம் இழுத்துத் தள்ளிய பழைய சிலை அது. உடல் ஒரு பீடத்தில், துண்டான தலை பக்கத்தில் வேறொரு பீடத்தில். தலையை யாரோ பல்லாண்டுகள் பத்திரமாக வைத்திருந்து 2009இல் ஒப்படைத்திருக்கிறார்கள். உடைந்ததை ஒட்டவைக்காமல் அப்படியே நிறுத்தியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒட்டியிருந்தால், மக்கள் ஒரு நாள் அவ்வளவு கோபமாக இருந்தார்கள் என்பதே மறைந்துபோயிருக்கும்.

வழிகாட்டியாக வந்த இளம்பெண்ணுக்கு நிக்ரூமா மேல் உயிர். தேமா துறைமுகம், அக்கோசொம்போ அணை, 1961இல் கட்டணமில்லாமல் கட்டாயமாக்கப்பட்ட தொடக்கக் கல்வி என்று அடுக்கிக்கொண்டே வந்தார். “என் பாட்டி பள்ளிக்கூடம் போனதே அவரால்தான் சார்” என்றார். டான்குவாவைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறவில்லை, குரல் மட்டும் இறுகியது. “அவரைக் கொல்லக் குண்டு வைத்தார்கள். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?”

அந்தக் கேள்வி நியாயமானதுதான். 1962 ஆகஸ்ட் 1 அன்று வடக்கு எல்லையில் குலுங்குகு என்ற ஊரில் அவர் மேல் குண்டு வீசப்பட்டது. சில்லுகள் உடம்பில் பாய்ந்தன. 1964 ஜனவரி தொடக்கத்தில் அவருடைய மாளிகையின் காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சுட்டதில் மெய்க்காப்பாளர் சலிஃபு டகார்ட்டி உயிரிழந்தார். அந்த வாரமே டான்குவா மறுபடியும் கைதானார். பயம் கற்பனையல்ல. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தடுப்புக்காவல் சட்டம் நிறைவேறியது 1958 ஜூலையில். விடுதலை கிடைத்துப் பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் குண்டு விழ இன்னும் நான்கு ஆண்டு பாக்கி. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது, கருவூலத்தில் கோகோ பணம் இருந்தது, உலகமே அவரை அண்ணாந்து பார்த்தது. ஒருவரை விசாரணையில்லாமல் ஐந்தாண்டு வரை அடைத்துவைக்கும் அதிகாரத்தை அவர் கேட்டு வாங்கியது நெருக்கடியில் அல்ல, பலத்தின் உச்சத்தில். பிற்காலத்தில் கெட்டுப்போன நல்லவர் என்று அவரைச் சொல்பவர்கள் இந்த ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அந்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் முன்னுதாரணமாகக் காட்டியது எந்த நாட்டை என்று படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. இந்தியாவை. 1950 பிப்ரவரியில், குடியரசாகி ஒரே மாதத்தில், படேல் கொண்டுவந்த தடுப்புக்காவல் சட்டம். அதன் கீழ் சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ‘ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாணம்’ என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் வழக்கு அது. ஒரு பிரிவைத் தவிர மற்றதெல்லாம் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காந்தியின் வழியைப் பார்த்துத் தன் போராட்டத்தை வகுத்த நிக்ரூமா, சிறைச் சட்டத்துக்கும் எங்கள் பக்கமே திரும்பியிருக்கிறார். அந்த வழிகாட்டிப் பெண்ணிடம் நான் எந்த உயரத்தில் நின்றும் பேச முடியாது.

அக்ராவிலும் வழக்கு வந்தது. 1961இல், அஷாந்தி மன்னரின் அவைப் பேச்சாளர் பாஃபூர் ஒசெய் அக்கோட்டோவும் இன்னும் ஏழு பேரும் தங்கள் காவலை எதிர்த்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் டான்குவா. குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது மக்களின் உரிமைகளைக் காப்பதாகச் செய்யும் உறுதிமொழி இருக்கிறதே, அது அவரைக் கட்டுப்படுத்தாதா என்று கேட்டார். அது தார்மிகக் கடமைதான், நீதிமன்றம் நிறைவேற்றக்கூடிய சட்டமல்ல என்று தலைமை நீதிபதி ஆர்க்கு கோர்சா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டான்குவாவும் அதே சட்டத்தில் முதல் முறையாக உள்ளே போனார். இரண்டு ஆண்டு கழித்து, குலுங்குகு வழக்கில் அக்கோ அட்ஜெயையும் வேறு இருவரையும் குற்றமற்றவர்கள் என்று கோர்சா விடுவித்தபோது, நிக்ரூமா அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணை நடத்தி மரண தண்டனை வாங்கினார்கள். அக்கோ அட்ஜெய், நாட்டுக்கு நிக்ரூமாவைப் பரிந்துரைத்த அதே மனிதர், ராணுவப் புரட்சி வந்த பிறகுதான் வெளியே வந்தார்.

இன்சவாம் அக்ராவுக்கு வடக்கே, குமாசி போகும் சாலையில் இருக்கிறது. ரொட்டிக்குப் பேர்போன ஊர். வண்டி நின்றதும் பெண்கள் தலையில் ரொட்டித் தட்டுகளோடு ஜன்னலைச் சூழ்ந்துகொள்கிறார்கள். நாட்டின் மிகப் பெரிய சிறைகளில் ஒன்றும் இங்கேதான். உள்ளே போக நான் முயலவில்லை. அங்கே இன்றும் கைதிகள் இருக்கிறார்கள், அது காட்சிப்பொருள் அல்ல. டான்குவா கடைசி ஓராண்டைக் கழித்தது இங்கே. மரண தண்டனைக் கைதிகளுக்கான பகுதியில் அடைக்கப்பட்டு, தரையில் படுத்து, 1964 மே மாதம் நிக்ரூமாவுக்கே நீண்ட கடிதம் எழுதினார். 1965 பிப்ரவரி 4 அன்று இறந்தார். வயது 69. பழைய கானாப் பேரரசின் பெயரைப் புதிய நாட்டுக்குச் சூட்ட வேண்டும் என்று முன்னின்று வாதிட்ட அறிஞர்களில் அவர் முக்கியமானவர். அக்கான் மக்களின் கடவுள் சிந்தனையைப் பற்றி நூல் எழுதியவர். அவர் மேல் எந்தக் குற்றமும் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

என்னை அழைத்துப்போன டிரைவர் வயதானவர், டான்குவாவின் அகீம் பகுதிக்காரர். நிக்ரூமா என்ற பெயரை வழியெல்லாம் உச்சரிக்கவே இல்லை. “அந்த ஆள்” என்றுதான் சொன்னார். நாங்கள் கொஃபொரிடுவா வழியாக அக்கோசொம்போ போகிறோம் என்று தெரிந்ததும், அந்த அணை பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே போட்ட திட்டம், அந்த ஆளுக்கு அதில் பெருமையில்லை என்றார். திட்டம் பழையது என்பது உண்மை. அதை நிறைவேற்றப் பணம் தேடி வாஷிங்டன் வரை அலைந்தது நிக்ரூமா என்பதும் உண்மை. நினைவிடத்துப் பெண்ணுக்கு இன்சவாம் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பெரியவருக்கு அக்கோசொம்போ தெரிய வேண்டியதில்லை. அதற்குக் காரணம் அவர்கள் மட்டுமல்ல. டான்குவாவின் மரபில் வந்ததாகச் சொல்லும் கட்சிக்கும் நிக்ரூமாவை உயர்த்திப் பிடிக்கும் கட்சிகளுக்கும் இந்தப் பாதிப் பாதிக் கதைகள் தேவைப்படுகின்றன. 2009இல் நிக்ரூமாவின் பிறந்த நாளான செப்டம்பர் 21 ‘நிறுவனர் நாள்’ என விடுமுறையானது. டான்குவாவின் உறவினரான அகுஃபோ-அடோ ஆட்சியில், 2019இல், அது ஆகஸ்ட் 4க்கு மாறி ‘நிறுவனர்கள் நாள்’ ஆனது. 2025இல் மறுபடியும் செப்டம்பர் 21. இதற்கிடையில் கானாவின் செடி நோட்டுகளில் அந்த ஆறு தலைவர்களும் ஒன்றாகவே அச்சாகிக்கொண்டிருக்கிறார்கள்.

அட்டிம்போக்குவில் வோல்ட்டா நதியின் மேல் அடோமி பாலம் வில்லாக வளைந்து நிற்கிறது. பாலத்தடியில் அபோலோ என்ற சோள மாவுப் பண்டமும் நெத்திலியைவிடச் சிறிய மீன்களின் பொரியலும் விற்கிறார்கள். மீனுக்கு ‘ஒன் மேன் தவுசண்ட்’ என்று பெயர். அங்கிருந்து சிறிது தூரத்தில் அணை. கற்களைக் குவித்து எழுப்பிய பிரம்மாண்டமான கரை; அதற்குப் பின்னால் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் வோல்ட்டா ஏரி. மனிதர் உண்டாக்கிய ஏரிகளில் பரப்பளவில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. மதகுப் பக்கம் நின்றபோது, ஐம்பதுகளில் இந்த நாட்டில் இவ்வளவு பெரிய கனவைக் கண்ட துணிவை நினைத்து நெஞ்சு விம்மியது. 1966 ஜனவரியில் நிக்ரூமா இதைத் திறந்துவைத்தார். அடுத்த மாதம், வியட்நாம் போரை நிறுத்த ஹனோய் போகும் வழியில் அவர் சீனாவில் இருந்தபோது, ஆட்சி கவிழ்ந்தது. பிறகு அவர் கானா மண்ணை மிதிக்கவே இல்லை. கினியாவில் அடைக்கலம், 1972இல் புக்காரெஸ்ட் மருத்துவமனையில் மரணம்.

ஏரியில் என்னைக் கூட்டிப்போன படகோட்டி மீள்குடியேற்ற ஊரில் பிறந்தவர். அணைக்காக 700க்கும் மேற்பட்ட கிராமங்கள் மூழ்கின. ஏறத்தாழ 80,000 பேரைப் பெயர்த்து 52 புதிய ஊர்களில் வைத்தார்கள். வீட்டுக்கு ஓர் அறையை மட்டும் கட்டி, மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்கள். உற்பத்தியான மின்சாரத்தில் பெரும்பகுதி தேமாவில் அமெரிக்க முதலீட்டில் எழுந்த வால்கோ அலுமினிய ஆலைக்குக் குறைந்த விலையில் போனது. கானாவிலேயே பாக்சைட் கிடைத்தும், ஆலைக்கு அலுமினா வெளிநாட்டிலிருந்து வந்தது. “எங்கள் ஊருக்கு விளக்கு வந்தபோது எனக்கே பிள்ளை பிறந்துவிட்டது” என்றார் படகோட்டி. நீரிலிருந்து தலை நீட்டும் பட்டமரங்களைக் காட்டி, அவற்றில் மோதி எத்தனையோ படகுகள் கவிழ்ந்திருக்கின்றன என்றார். நிக்ரூமாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. “அவர் இருந்திருந்தால் முடித்திருப்பார்” என்றார். நான் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை.

இறந்த தலைவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரவு செலவுக் கணக்கு போடுகிறோம். இவ்வளவு நன்மை, இவ்வளவு தீமை, கழித்துப் பார்த்தால் மிச்சம் நல்லவர். அக்கோசொம்போவில் நின்று பார்த்தால் அந்தக் கழித்தல் நடக்கவே நடக்காது என்று புரிகிறது. நன்மை பெற்றது ஒருவர், தீமை பட்டது இன்னொருவர். வழிகாட்டியின் பாட்டி எழுதப் படிக்கக் கற்றதற்கு டான்குவாவின் மனைவி மக்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? பாட்டியின் எழுத்தறிவைக் காட்டி அவர்களிடம் போய், சரியாகிவிட்டது என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? தலைகீழாகவும் அப்படியே. டான்குவாவின் சாவைச் சொல்லி அந்தப் பாட்டியின் நன்றியை யாரும் பறிக்க முடியாது. நிக்ரூமாவை நான் பெரிய மனிதர் என்றுதான் நினைக்கிறேன். டான்குவாவின் மரணத்துக்குப் பொறுப்பாளி என்றும் நினைக்கிறேன். இவை இரண்டையும் ‘ஆனால்’ போட்டு இணைக்க எனக்கு விருப்பமில்லை.

கானாக்காரர்கள் நம் தலைவரையும் இப்படித்தான் பார்த்தார்கள். 2016இல் லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் காந்தி சிலையைப் பிரணாப் முகர்ஜி திறந்துவைத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் காந்தி கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதியதைக் காட்டிப் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் சிலையை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்து இங்கே பலர் மனம் புண்பட்டோம். ஆனால் அந்த எழுத்துகள் காந்தியுடையவைதான். அவர் பிற்பாடு மாறினார் என்பது நமக்குப் பெரிதாகப் படலாம். வசைச் சொல்லைத் தாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகளிடம் அதை மன்னிக்கச் சொல்லி நாம் கட்டளையிட முடியாது.

விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். நான் இறங்கிய நிலையத்துக்கு நிக்ரூமாவைக் கவிழ்த்த அதிகாரிகளில் ஒருவரான கொட்டோக்காவின் பெயர் வைத்திருந்தார்கள். 1967இல் நடந்த எதிர்ப்புரட்சி முயற்சியில் அவர் அந்த வளாகத்தில்தான் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு பல ஆட்சிக் கவிழ்ப்புகள், துப்பாக்கிகளின் காலம். அதில் நீண்ட காலம் ஆண்டவர் ஜெர்ரி ரோலிங்ஸ்.

அந்த ரோலிங்ஸ் ஆட்சியில்தான், 1992 ஏப்ரலில், மக்கள் புதிய அரசமைப்புச் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். கைதான எவரையும் 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு கட்சி ஆட்சியை நிறுவும் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்கிறது அதன் மூன்றாவது பிரிவு. இரண்டும் நிக்ரூமா செய்ததற்கு நேர் மறுப்பு. அதே ஆண்டு ஜூலை 1 அன்று நிக்ரூமாவின் உடலை அவர் பிறந்த நிக்ரோஃபுலிலிருந்து கொண்டுவந்து போலோ மைதானத்தின் பளிங்கு மண்டபத்தில் வைத்தார்கள். ஆனால் இதே ரோலிங்ஸ் ஆட்சியின் தொடக்கத்தில், 1982 ஜூன் 30 இரவு, மூன்று நீதிபதிகளும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும் வீடுகளிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நீதிபதிகளுக்கு உச்ச நீதிமன்ற வளாகத்தில் நினைவுச் சிலைகள் இருக்கின்றன. நிக்ரூமா நினைவிடத்திலிருந்து அதே ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தே போய்விடலாம். ரோலிங்ஸ் 2020இல் காலமானார். அவரைப் பற்றிய வாதம் கானாவில் இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது.